ஃபயர்மேன்கள் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்?

கை மோன்டாக்குக்கு 30 வயது. 10 வருஷமாக ஃபயர்மேன் வேலை பார்க்கிறான். ஓர் இரவு பணி முடிந்து, உடம்பெல்லாம் மண்ணெண்ணெய் வாடையோடு வீடு திரும்பும்போது வழியில் ஒரு பெண் எதிர்ப்படுகிறாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள். பெயர் கிளாரிஸ் மெக்லெல்லன். 17 வயதை எட்டிக்கொண்டிருக்கிறாள். அவன் சட்டைக்கையில் இருக்கும் சாலமாண்டர் சின்னத்தைப் பார்த்ததுமே ஆள் யார் என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. மற்றவர்களைப் போலப் பயந்து ஒதுங்காமல் கூடவே நடக்கிறாள். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வருகிறாள். அந்தக் காலத்தில் ஃபயர்மேன்கள் தீ மூட்டுவதற்குப் பதிலாகத் தீயை அணைத்தார்களாமே, உண்மையா?

மோன்டாக் சிரித்துவிடுகிறான். வீடுகள் எந்தக் காலத்திலும் தீப்பிடிக்காதவைதான் என்று அடித்துச் சொல்கிறான். முன்பெல்லாம் வீடுகள் தற்செயலாகப் பற்றிக்கொள்ளும், அணைக்க ஆள் தேவைப்பட்டது என்று தான் கேள்விப்பட்டதாக அவள் சொல்கிறாள். வேடிக்கையாக எதுவும் சொல்லாதபோது ஏன் சிரிக்கிறீர்கள், யோசிக்காமலே ஏன் பதில் சொல்கிறீர்கள் என்றும் கேட்கிறாள். வாசல் வந்ததும், போகிற போக்கில் இன்னொரு கேள்வி: நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா?

ரே பிராட்பரி எழுதி 1953-இல் வெளிவந்த 'ஃபாரன்ஹீட் 451' நாவலின் தொடக்கம் இது. புத்தகங்கள் தடைசெய்யப்பட்ட ஒரு வருங்கால அமெரிக்கா. புத்தகம் இருக்கும் வீட்டைக் கொளுத்துவதுதான் அங்கே ஃபயர்மேன்களின் உத்தியோகம். நாவலைப் படித்தவர்கள் பலருக்கும் நினைவில் நிற்பது சந்தோஷத்தைப் பற்றிய அந்தக் கடைசிக் கேள்வி. அன்று இரவு மோன்டாக்கைத் தூங்கவிடாமல் செய்வதும் அதுதான். ஆனால் அவன் நின்றுகொண்டிருக்கும் தரையை அசைத்தது முதல் கேள்வி. அது ஒரு தொழிலின் வரலாற்றைப் பற்றிய கேள்வி. அதற்கு விடை தேட வேண்டுமானால் 18-ஆம் நூற்றாண்டுப் பிலடெல்பியாவுக்குப் போக வேண்டும்.

அன்றைய பிலடெல்பியாவில் அடுப்பு மூட்ட நெருப்பு வேண்டுமென்றால் தணலைக் கரண்டியில் அள்ளி ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கொண்டுபோவார்கள். வழியில் ஒரு பொறி சிதறினால் போதும். அச்சுக்கூடம் நடத்திவந்த பெஞ்சமின் பிராங்க்ளின், 1735-இல் தன் 'பென்சில்வேனியா கெஜட்' பத்திரிகையில், ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதுவது போன்ற ஒரு கடிதத்தை வெளியிட்டார். தணலைத் திறந்த கரண்டியில் எடுத்துப் போகாதீர்கள், மூடிய பாத்திரத்தில் கொண்டுபோங்கள். புகைபோக்கி சுத்தம் செய்பவர்களுக்கு உரிமம் கொடுங்கள். தீயணைக்கச் சங்கம் அமையுங்கள் என்றெல்லாம் அதில் யோசனைகள் இருந்தன. மறுவருஷம், 1736 டிசம்பரில், 'யூனியன் ஃபயர் கம்பெனி' உருவானது. சம்பளம் கிடையாது. ஒவ்வோர் உறுப்பினரும் தன் செலவில் தோல் வாளிகளும் வலுவான பைகளும் கூடைகளும் தயாராக வைத்திருக்க வேண்டும். வாளி தண்ணீருக்கு. பையும் கூடையும், எரியும் வீட்டின் சாமான்களை அள்ளி வெளியே கொண்டுவர. மாதம் ஒருமுறை கூடித் தீ விபத்துகளைப் பற்றிப் பேசுவார்கள். வராதவர்களுக்கு அபராதம். அந்த அபராதப் பணத்தில்தான் தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் ஏணிகளும் கொக்கிகளும் வாங்கினார்கள்.

இதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1731-இல், அதே ஊரில் அதே மனிதர் இன்னொரு சங்கத்தையும் தொடங்கியிருந்தார். 50 பேர் தலைக்கு 40 ஷில்லிங் போட்டுப் புத்தகம் வாங்கிப் பகிர்ந்துகொள்ளும் 'லைப்ரரி கம்பெனி'. தனியாக ஒருவரால் வாங்க முடியாத நூல்களை ஊர் சேர்ந்து வாங்கலாம். தனியாக ஒருவரால் அணைக்க முடியாத தீயை ஊர் சேர்ந்து அணைக்கலாம். இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே யோசனை. நூலகத்தையும் தீயணைப்புச் சங்கத்தையும் ஒரே கை எழுப்பியது.

பிராட்பரிக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நாவலில், கிளாரிஸ் கேட்ட கேள்வி உள்ளே குடைந்துகொண்டிருக்க, மோன்டாக் ஒருநாள் நிலையத்தில் சீட்டாடிக்கொண்டிருக்கும்போது வாய்தவறி அதே கேள்வியைச் சக ஊழியர்களிடம் கேட்டுவிடுகிறான். பேசுவது தன் வாயா அவள் வாயா என்று அவனுக்கே சந்தேகமாக இருக்கிறது. உடனே இருவர் தங்கள் விதிப்புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறார்கள். அமெரிக்க ஃபயர்மேன் படையின் சுருக்கமான வரலாறு அதில் அச்சிட்டிருக்கிறது: குடியேற்றப் பகுதிகளில் ஆங்கிலேயர் செல்வாக்குள்ள புத்தகங்களை எரிக்க 1790-இல் தொடங்கப்பட்டது, முதல் ஃபயர்மேன், பெஞ்சமின் பிராங்க்ளின்.

அந்த ஓரிரு வரிகளில் எத்தனை புரட்டு என்று பார்க்க வேண்டும். 1790 பிராங்க்ளின் இறந்த வருஷம். ஏப்ரல் 17-ஆம் தேதி தன் 84-ஆவது வயதில் காலமானார். குடியேற்றப் பகுதிகளோ அதற்குள் சுதந்திர நாடாகி 14 வருஷம் கடந்திருந்தது. நூலகம் கண்டவரை நூல் எரித்தவராகவும், தீயை அணைக்க ஊரைத் திரட்டியவரைத் தீ வைத்தவராகவும் அந்தப் புத்தகம் மாற்றிவிட்டது. இத்தனைக்கும் பிராங்க்ளினின் பெயரை அது அழிக்கவில்லை. ஒரு தொழிலில் இருப்பவன் தன் முன்னோடி என்று யாரையாவது கும்பிடத்தானே விரும்புவான்? பெயரை விட்டுவைத்து, அவர் செய்ததை மட்டும் புரட்டிப் போட்டால் போதும். மோன்டாக்கின் அப்பாவும் தாத்தாவும் ஃபயர்மேன்கள்தான். மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் தன் தொழிலின் கதையைத் தலைகீழாகவே கேட்டு வளர்ந்திருக்கிறது.

உண்மையான தொழில் வேறு பாதையில் போனது. பிலடெல்பியா மாதிரியைப் பார்த்து ஊருக்கு ஊர் தன்னார்வச் சங்கங்கள் முளைத்தன. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவற்றுக்குள் போட்டியும் அடிதடியும் மிகுந்தன. எந்தச் சங்கம் முதலில் தண்ணீர் அடிப்பது என்று எரியும் வீட்டுக்கு முன்னாலேயே கைகலப்பு நடக்கும். இந்தச் சண்டை பொறுக்காமல் 1853-இல் சின்சினாட்டி நகரம் சம்பளத்துக்கு ஆள் வைத்து, நீராவி இயந்திரமும் குதிரைகளும் கொண்ட படையை அமைத்தது. மற்ற நகரங்கள் பின்தொடர்ந்தன.

பிராட்பரி பிறந்த இல்லினாய் மாநிலத்திலேயே இந்தத் தொழிலின் மிகப் பெரிய தோல்வியும் நேர்ந்தது. 1871 அக்டோபரில் சிகாகோ எரிந்தபோது படையினர் முந்தின இரவு வேறொரு பெருந்தீயோடு போராடிக் களைத்துப்போயிருந்தார்கள். கோபுரத்தில் காவலிருந்தவர் தீ எங்கே என்று தவறாகக் கணித்ததால் வண்டிகள் வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டன. சுமார் 300 பேர் இறந்தார்கள். ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். சிகாகோவுக்கு உதவ இங்கிலாந்தில் எழுத்தாளர் தாமஸ் ஹியூஸ் புத்தகங்கள் திரட்டினார். விக்டோரியா மகாராணி முதல் பலரும் கொடுக்க, 8,000-க்கும் மேற்பட்ட நூல்கள் கப்பலேறின. வந்த நூல்களை வைக்கச் சிகாகோவில் பொது நூலகமே இல்லை. அதனால் நூலகம் அமைக்கும் சட்டம் வந்தது. 1873-இல் கதவைத் திறந்த அந்த நூலகத்தின் முதல் புத்தக அறை எது தெரியுமா? தீயிலிருந்து தப்பிய ஒரு பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டி. வட்டமான அந்தத் தொட்டியின் உட்சுவரையொட்டி அலமாரிகள் அடித்துப் புத்தகங்களை அடுக்கினார்கள். மோன்டாக்கும் அவன் மனைவி மில்ட்ரெட்டும் முதலில் சந்தித்த ஊர் சிகாகோ என்று நாவல் சொல்கிறது. எங்கே சந்தித்தோம் என்பதை இருவருமே மறந்துபோய், கதை முடியும் தறுவாயில்தான் அது அவன் நினைவுக்கு வருகிறது.

புத்தகம் எரிப்பதற்கு முன்னுதாரணம் தேடிப் பிராட்பரி கற்பனைக்குப் போகவேண்டியிருக்கவில்லை. 1933 மே 10 இரவு பெர்லினின் ஓப்பரா சதுக்கத்தில் மாணவர்கள் தீப்பந்தங்களோடு ஊர்வலம் வந்து நூல்களைக் கொளுத்தினார்கள்; நாஜி அமைச்சர் கோயபல்ஸ் உரையாற்றினார். ஜெர்மனியின் மற்ற பல்கலைக்கழக ஊர்களிலும் அதே வாரங்களில் அதே காட்சி. ஐந்து வருஷம் கழித்து, 1938 நவம்பர் 9, 10 தேதிகளில் யூதர்களின் ஜெபாலயங்கள் நாடெங்கும் எரிக்கப்பட்டபோது, தீயணைப்புப் படையினர் வண்டிகளோடு வந்து நின்றார்கள். ஜெபாலயத்தை எரியவிட வேண்டும், தீ அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்குப் பரவாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்கு வந்த உத்தரவு. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கும் தீயணைப்பு வீரனிலிருந்து மோன்டாக் ரொம்ப தூரத்தில் இல்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் சாம்பலானதை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கிளாரிஸ் பெர்லினிலிருந்து வரவில்லை. அவள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் நடைபாதையிலிருந்து வந்தவள்.

பிராட்பரி குடும்பம் 1934-இல் வேலை தேடி அந்த நகரத்துக்கு வந்தது. கல்லூரிக்கு அனுப்பப் பணமில்லை. பள்ளி முடிந்ததும் அவர் பொது நூலகங்களில் படித்துத் தேறினார். கார் ஓட்ட அவர் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. நடப்பார், பஸ்ஸில் போவார். அதே காலத்தில் நகரமோ முழுக்கக் காருக்காகவே தன்னை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தது. 1940-இன் கடைசி நாள்களில் அரோயோ செக்கோ பார்க்வே என்ற விரைவுச்சாலை திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் புறநகரங்களையெல்லாம் இணைத்த 'ரெட் கார்' மின்சார ரயில்களின் வழித்தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 1961-இல் கடைசி வண்டியும் நின்றுபோனது. மாலையில் காலாற நடப்பது, எதிர்ப்படுபவரிடம் நின்று பேசுவது, வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பது என்ற பழக்கங்கள் அந்தச் சாலைகளில் மெல்ல அர்த்தமிழந்தன. வீட்டுக்குள்ளும் அதே மாற்றம். 1950-இல் அமெரிக்க வீடுகளில் நூற்றுக்கு 9 வீடுகளில்தான் டெலிவிஷன் இருந்தது. 1960-க்குள் அது 87 ஆனது.

1940-களின் கடைசியில் ஓர் இரவு, வில்ஷயர் பூலவார்டில் நண்பரோடு பேசிக்கொண்டே நடந்துகொண்டிருந்த பிராட்பரியைப் போலீஸ் கார் ஒன்று மறித்தது. என்ன செய்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று பிராட்பரி சொன்ன பதில் அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு விட்டார். அந்தக் கோபத்தில் பிறந்த சிறுகதை 'பாதசாரி'. ஊரே டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் தெருவில் தனியாக நடந்துபோனதற்காக ஒருவன் கைதாகும் கதை. அந்தப் பாதசாரியை இன்னொரு இரவு நடக்க அழைத்துப்போனேன், தெருமுனையில் ஒரு பெண் எதிரே வந்தாள், அவளே கிளாரிஸ் என்று பிராட்பரி பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். நாவலில் கிளாரிஸின் மாமாவும் நடந்துபோனதற்காக ஒருமுறை கைதானவர். இன்னொருமுறை நெடுஞ்சாலையில் 40 மைல் வேகத்தில் மெதுவாகப் போனதற்காக இரண்டு நாள் சிறையில் இருந்தவர். தீயணைப்பைப் பற்றிய பழங்கதையும் அந்த வீட்டுப் பேச்சிலிருந்துதான் அவளுக்குக் கிடைத்திருக்கும். இரவில் விளக்கெல்லாம் எரிய உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் குடும்பம் அது. தெருவில் வேறு எந்த வீட்டிலும் அந்தப் பழக்கம் மிச்சமில்லை.

எழுதிய இடமும் இதற்குப் பொருத்தமானது. வீட்டில் குழந்தைகளின் சத்தத்தில் எழுத முடியாமல், கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறைக்குப் போனார் பிராட்பரி. அங்கே அரைமணிக்கு 10 சென்ட் போட்டால் ஓடும் வாடகைத் தட்டச்சுகள் வரிசையாக இருந்தன. ஒன்பது நாள்களில் மொத்தம் 9 டாலர் 80 சென்ட் செலவில் முதல் வடிவம் முடிந்தது. கணக்குப் போட்டால் 49 மணிநேரம். அலுத்தபோது மாடிப்படி ஏறிப்போய்ப் புத்தக அடுக்குகளுக்கு நடுவே நடந்துவிட்டு வருவார். 'த ஃபயர்மேன்' என்ற பெயரில் அது 1951 பிப்ரவரியில் 'கேலக்ஸி' இதழில் வந்தது. அதையே விரித்து நாவலாக்கினார். தாள் எந்த வெப்பத்தில் பற்றும் என்று கேட்க அவர் தொலைபேசியில் அழைத்தது தீயணைப்புத் துறையைத்தான். 451 டிகிரி ஃபாரன்ஹீட் என்று பதில் வந்தது. நாவலின் தலைப்பைத் தந்தவர், தீயை அணைப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர்.

இனி, கேள்வி மோன்டாக்குக்குள் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். கிளாரிஸ் அவனுக்குப் பாடம் நடத்துவதில்லை. அரசை எதிர்க்கச் சொல்வதில்லை. புத்தகம் படிக்கவும் சொல்வதில்லை. காலையில் புல்லில் பனித்துளி இருப்பதைக் கவனித்தீர்களா என்கிறாள். கார்கள் பறக்கும் வேகத்தில் கண்ணில் படுவதற்காக விளம்பரப் பலகைகளை 200 அடி நீளமாக்கிவிட்டார்கள், முன்பு 20 அடிதான் இருந்தன என்கிறாள். இதுவும் கடந்தகாலத்தைப் பற்றிய செய்திதான். ஒருநாள் மழையில் டாண்டேலியன் பூவைத் தன் மோவாயில் தேய்த்து, மஞ்சள் ஒட்டினால் காதல் இருக்கிறது என்று அர்த்தம் என்கிறாள்; அவன் மோவாயில் தேய்க்கிறாள், ஒட்டவில்லை. மனைவி மேல் தனக்கு அன்பு உண்டு என்று அவன் வாதாடுகிறான். வாதாட வேண்டியிருப்பதே அவனை உலுக்குகிறது. மற்ற நாள்களில் அவன் வீட்டு வாசலில் ஒரு கொத்துப் பூவோ, சிறு பையில் செஸ்ட்நட் கொட்டைகளோ, வெள்ளைத் தாளில் ஊசி குத்திய இலைகளோ இருக்கும். கொஞ்ச நாளில் அவள் காணாமல் போகிறாள். கார் மோதி இறந்துவிட்டாள் என்று, நான்கு நாள் கழித்து, மறந்துபோன மளிகைச் சாமானை நினைவுபடுத்திக்கொள்வதுபோல மில்ட்ரெட் சொல்கிறாள். அவள் இறந்ததை நாவலில் யாரும் நேரில் பார்ப்பதில்லை.

அவள் போனபிறகுதான் கேள்வி வளர்கிறது. புத்தகங்களை விட்டு வரமாட்டேன் என்று ஒரு மூதாட்டி தன்னோடு சேர்த்து வீட்டைக் கொளுத்திக்கொள்வதைப் பார்த்த மோன்டாக் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. நிலையத் தலைவன் பீட்டி வீடு தேடி வருகிறான். வந்தவன் சொல்வது வியப்பான செய்தி: அன்றைக்கு நீ ஊகித்தது சரிதான். ஃபயர்மேன்கள் முன்பு தீயை அணைத்தவர்களே. வீடுகளெல்லாம் தீப்பிடிக்காதவையாக மாறியபின் பழைய வேலை இல்லாமல் போனது. அப்போது அவர்களுக்கு இந்தப் புதிய வேலை கொடுக்கப்பட்டது. ஆக, விதிப்புத்தகத்தின் வரலாறு பொய் என்று தலைவனுக்குத் தெரியும். கீழே இருப்பவர்களுக்கு ஒரு வரலாறு, மேலே இருப்பவர்களுக்கு ஒரு வரலாறு. கிளாரிஸைப் பற்றி பீட்டி சொல்லும் குற்றச்சாட்டும் இங்கேதான் வருகிறது. ஒரு காரியத்தை எப்படிச் செய்வது என்று அவள் கேட்கவில்லை, ஏன் செய்வது என்று கேட்டாளாம். இருந்ததைவிட இறந்ததே அவளுக்கு நல்லது என்கிறான்.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு இலக்கியத்தில் மூத்தவள் ஒருத்தி உண்டு. ருஷ்யக் கப்பல் பொறியாளர் எவ்கெனி ஜாமியாதின் 1920-21இல் எழுதிய 'நாங்கள்' நாவலின் ஐ-330. அங்கே மனிதர்களுக்குப் பெயரில்லை, எண்கள்தான். விண்கலம் கட்டும் கணித வல்லுநன் டி-503-ஐ அவள் முதலில் அழைத்துப்போகும் இடம் 'பழைய வீடு' என்ற காட்சியகம். கண்ணாடி நகரத்தின் விளிம்பில் மிச்சம் வைத்திருக்கும் பழங்காலத்து வீடு. அங்கே அவள் பழங்கால உடை உடுத்துகிறாள். அதன்பிறகு டி-503 தன் கணக்குகளை நம்ப முடியாமல் தவிக்கிறான். அவனுக்குள் ஆன்மா உருவாகிவிட்டது என்று மருத்துவர் நோய்போலச் சொல்கிறார். சோவியத் ருஷ்யாவில் அந்த நாவல் 1988 வரை வெளிவரவில்லை. ஆங்கிலத்தில் 1924-இலேயே வந்துவிட்டது. அதற்கு 1946-இல் மதிப்புரை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் மூன்று வருஷத்தில் '1984'-ஐ வெளியிட்டார். அங்கே நிலைமை வேறு. வின்ஸ்டன் ஸ்மித் ஏற்கெனவே சந்தேகத்தோடுதான் இருக்கிறான், ஏனென்றால் பழைய செய்தித்தாள்களைத் திருத்துவதே அவன் வேலை. துணிச்சல்காரியான ஜூலியாவுக்குக் கடந்தகாலத்தில் அக்கறையில்லை. அவள் தருவது காதலும் தைரியமும். மோன்டாக்குக்கோ கிளாரிஸ் வரும்வரை சந்தேகப்படுவதற்கான பொருளே கையில் இல்லை.

நாவல் வெளிவந்த 1953-இல்தான் செனட்டர் மெக்கார்த்தியின் நெருக்குதலால் வெளிநாடுகளிலிருந்த அமெரிக்க நூலகங்களிலிருந்து புத்தகங்கள் அகற்றப்பட்டன. ஜூன் மாதம் டார்ட்மத் கல்லூரியில் பேசிய அதிபர் ஐசன்ஹோவர், புத்தகம் எரிப்பவர்களோடு சேராதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. அக்டோபரில் பேலன்டைன் நிறுவனம் நாவலை வெளியிட்டது. 1966-இல் பிரான்ஸ்வா த்ரூஃபோ அதைப் படமாக்கியபோது ஜூலி கிறிஸ்டி கிளாரிஸாகவும் மனைவியாகவும் இரட்டை வேடம் ஏற்றார். படத்தில் கிளாரிஸ் சாகவில்லை. பிற்பாடு தன் நாடக வடிவத்தில் பிராட்பரியும் அவளை உயிரோடு திரும்ப அழைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் புத்தகத்துக்கே ஒரு சோதனை வந்தது. 1967-இல் பேலன்டைன் உயர்நிலைப் பள்ளிகளுக்காக ஒரு பதிப்பு கொண்டுவந்தது. வசைச்சொற்களும் மாணவர்களுக்கு ஆகாது என்று தோன்றிய இடங்களும் சத்தமில்லாமல் நீக்கப்பட்டன, மாற்றப்பட்டன. மொத்தம் 75 இடங்கள். ஆசிரியருக்குத் தெரிவிக்கவில்லை. 1973-க்குப் பிறகு கடைக்கு வந்ததும் இந்த வெட்டுப்பட்ட பிரதி மட்டும்தான். நூல் தணிக்கையைப் பற்றிய நாவலே தணிக்கையாகி, வருஷக்கணக்கில் வகுப்பறைகளில் ஓடிக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடித்தவர்கள் மாணவர்கள். வரிகள் ஏன் ஒத்துவரவில்லை என்று அவர்கள் பிராட்பரிக்கே கடிதம் எழுதிக் கேட்டார்கள். 1979-இல் அவர் நடந்ததையெல்லாம் ஒரு பின்னுரையாக எழுதினார்; பேலன்டைனில் புதிதாக வந்த பதிப்பாசிரியர் ஜூடி-லின் டெல் ரே நாவல் முழுவதையும் மறுபடி அச்சுக்கோக்கச் சொன்னார். வெட்டப்பட்ட 75 இடங்களும் திரும்பச் சேர்ந்த பதிப்பு அந்தப் பின்னுரையோடு கடைகளுக்குப் போனது.